உடைந்ததா, உடைத்தாயா?

தில்லிக் குளிர்காலத்தில் சில செயல்கள் தாமாகவே நடக்கின்றன. தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் உறைந்துவிடுகிறது. இட்லி மாவு இரண்டு நாளானாலும் புளிப்பதில்லை. துவைத்துப் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரம் மாறாமல் கொடியிலேயே கிடக்கிறது. இவற்றுக்கெல்லாம் யாரையும் குறை சொல்ல முடியாது. மதுரையிலிருந்து டிசம்பர் தொடக்கத்தில் வந்த அம்மாவும் யாரையும் குறை சொல்லவில்லை. மாவுப் பாத்திரத்தைப் பழைய ரஜாயில் சுற்றிக் குளியலறைக் கீசருக்கு அருகில் வைத்தார். எண்ணெய்ப் புட்டியை வெந்நீரில் இறக்கினார்.

அம்மா குளிர் பார்க்க வரவில்லை. மயூர் விஹாரில் வசிக்கும் அக்காவும் அத்தானும் வேலைக்குச் செல்பவர்கள். அவர்களுடைய மகள் முதல் வகுப்பில் படிக்கிறாள். காற்று மிகவும் கெடும் நாள்களில் சிறு வகுப்புகளைக் கைப்பேசிக்கு மாற்றிவிடுவது தில்லியில் வழக்கமாகிவிட்டது. இந்த டிசம்பரிலும் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்தார்கள். பிள்ளை வீட்டிலிருந்தால் பெரியவர் ஒருவரும் வீட்டிலிருக்க வேண்டும். தலைநகரத்துக் காற்றுக்கு ஈடுகொடுக்க 2,500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு பாட்டி வரவேண்டியிருக்கிறது. குழந்தைக்கு இரவில் இளைப்பு வரும்போது நெபுலைசரைப் பொருத்தவும் அம்மா இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்.

பல்கலைக்கழக விடுதியிலிருந்து நான் அங்கே சென்றிருந்த ஒரு காலையில் கண்ணாடி டம்ளர் ஒன்று தரையில் விழுந்து சிதறியது. நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

“அம்மாச்சி, டம்ளர் உடஞ்சிருச்சு.”

“உடஞ்சிருச்சா, நீ உடச்சியா?”

குழந்தை சற்று யோசித்தாள். “கை பட்டுச்சு.”

“கை யாரோடது?”

நீண்ட அமைதி. “என்னோடதுதான்.”

“சரி, தள்ளி நில்லு. கால்ல குத்திறப் போவுது. நான் வெளக்குமாத்த எடுத்தாறேன்.”

அடுத்த அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தில்லியின் காற்றுத் தரம் மீண்டும் மோசமடைந்துவிட்டது என்றார் செய்தி வாசிப்பவர். அவரிடம் யாரும் ‘கை யாரோடது?’ என்று கேட்கவில்லை. என் ஆய்வு வினைச்சொற்களைப் பற்றியது அன்று. ஆயினும் அன்றிலிருந்து குளிர்காலச் செய்திகளின் வினைமுற்றுகளை மட்டும் தனியே கவனித்துவருகிறேன். இக்குறிப்பு அதன் விளைவு.

பள்ளி இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். உடைந்தது – உடைத்தது, எரிந்தது – எரித்தது, கெட்டது – கெடுத்தது, திரும்பியது – திருப்பியது. ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறுவதில், அல்லது ஓர் இடைநிலை மாறுவதில், நிகழ்வுக்குப் பொறுப்பாளர் ஒருவர் தோன்றிவிடுகிறார். கு. பரமசிவம் தம் ஆய்வில் இந்த வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வினையின் விளைவு எழுவாயின்மீதே தங்குகிறதா, எழுவாய் அதை இன்னொன்றின்மீது செலுத்துகிறதா என்பதே அடிப்படைக் கேள்வி. ‘டம்ளர் உடைந்தது’ என்னும் தொடரில் டம்ளர் மட்டுமே இருக்கிறது. ‘உடைத்தது’ என்று சொன்ன உடனேயே இன்னொருவர் அறைக்குள் வந்துவிடுகிறார்.

இந்தியிலும் இதே ஏற்பாடு உண்டு. கில்லாஸ் ‘டூட் கயா’ என்றால் தானாக உடைந்தது. ‘தோட் தியா’ என்றால் யாரோ உடைத்தார். மூச்சு முட்டுவதற்கு ‘குட்னா’. குரல்வளையை நெரிப்பதற்கு ‘கோண்ட்னா’. தில்லியின் மூச்சு முட்டுவதாக இந்திச் செய்திகள் ஆண்டுதோறும் முதல் வினையில்தான் சொல்கின்றன. இரண்டாம் வினையில் சொன்னால் நெரிப்பவர் யார் என்று சொல்லவேண்டியிருக்கும்.

செயப்பாட்டு வினையைத்தான் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வடிவம் என்று பொதுவாகக் குறை கூறுவோம். உண்மையில் அது அவ்வளவு திறமையானது அன்று. ‘டம்ளர் உடைக்கப்பட்டது’ என்றால், ‘யாரால்?’ என்று கேட்பதற்கு அங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது. ‘உடைந்தது’ என்பதில் அந்த இடமே இல்லை. ஆறு வயதுக் குழந்தை செயப்பாட்டு வினையை விட்டுத் தன்வினையை நாடியதில் மொழியறிவு இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். குளிர்காலம் இயற்கையானது அல்லவா? ஆம். இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதன்மேல் சற்று வெப்பமான காற்று ஒரு மூடியைப்போல் அமர்ந்துகொள்கிறது. காற்றோட்டம் மந்தமாகிறது. வடக்கே இமயமலை நிற்க, கங்கைச் சமவெளி ஒரு தாம்பாளம்போல் கிடக்கிறது. இவை அனைத்தும் தன்வினைகளே. ‘குளிர்ந்தது’ என்பதற்கு எழுவாய் தேடி யாரையும் குற்றக்கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் மூடி வேறு, மூடிக்குக் கீழே கொதிப்பது வேறு. மூடியை வைத்தது இயற்கை. உள்ளே புகையை நிரப்பியது இயற்கை இல்லை.

பனியும் புகையும் ஒரே வானத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் நம் செய்திமொழி இரண்டையும் ஒரே வினையில் கட்டிவிடுகிறது. சென்ற டிசம்பர் 17 அன்று லக்னோவில் இந்தியா – தென்னாப்பிரிக்கா இருபது ஓவர் ஆட்டம் ஒரு பந்துகூட வீசப்படாமல் கைவிடப்பட்டது. நடுவர்கள் மீண்டும் மீண்டும் வந்து பார்த்தார்கள். பந்து தெரியாது என்று முடிவு செய்தார்கள். அறிவிக்கப்பட்ட காரணம் மிகையான மூடுபனி. மூடுபனி இருந்தது உண்மை. அன்று அந்நகரின் காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டியிருந்ததாக வந்த செய்தியும் உண்மை. நுண்துகள்கள் மிகுந்த காற்றில் நீராவி படிந்து துளியாவதற்கான கருக்கள் மிகுதி என்பதால் மூடுபனியும் எளிதில் அடர்த்தியாகும். அதாவது, பனிக்கும் ஓரளவு எழுவாய் இருக்கிறது. ஆயினும் ‘பனி’ என்று சொல்லிவிட்டால் மார்கழி மாதத்தைத் தவிர வேறு யாரும் விளக்கம் தரவேண்டியதில்லை.

குறியீட்டின் படிநிலைப் பெயர்களையும் பாருங்கள். 0 முதல் 50 வரை ‘நன்று’, 100 வரை ‘நிறைவு’, 200 வரை ‘மிதம்’, 300 வரை ‘மோசம்’, 400 வரை ‘மிக மோசம்’, 500 வரை ‘கடுமை’. 500-க்குமேல் எண் ஏறுவதில்லை. அதற்குமேல் காற்று எவ்வளவு கெட்டாலும் கணக்கில் 500-தான். இவையனைத்தும் காற்றைப் பற்றிய பெயரடைகள். தேர்வில் தோற்ற மாணவனுக்கு முன்னேற்ற அறிக்கை தருவதுபோல் நாம் தினமும் காற்றுக்கு மதிப்பெண் இட்டுக்கொண்டிருக்கிறோம். ‘மிதம்’ என்னும் சொல்லின் துணிச்சலையும் வியக்கலாம். குறியீடு 200-ஐத் தொடும்போது காற்றிலுள்ள 2.5 மைக்ரான் நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 90 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் 24 மணி நேரச் சராசரிக்கு வகுத்த வரம்பு 15. ஆறு மடங்கு மிகுந்தது ‘மிதம்’ ஆகிறது. இப்போதெல்லாம் அக்கா காலையில் கைப்பேசியைப் பார்த்து, “இன்னைக்கு இருநூத்துப் பத்துதான், சன்னலத் திறக்கலாம்” என்கிறார். அந்த ‘தான்’ என்னும் இடைச்சொல்லைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடரும் இதே மொழியில்தான் நடந்தது. உயர்ந்த காற்றுத் தரக் குறியீட்டுக்கும் நுரையீரல் நோய்களுக்கும் நேரடித் தொடர்பை நிறுவும் முடிவான தரவு நாட்டில் இல்லை என்று மாநிலங்களவையில் எழுத்துமூலம் பதில் அளிக்கப்பட்டது. சுவாச நோய்களைத் தூண்டும் காரணிகளுள் காற்று மாசும் ஒன்று என்று அதே பதில் ஒப்புக்கொள்ளவும் செய்தது. மக்களவையில் காற்று மாசு குறித்த விவாதம் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றிருந்தது, நடைபெறவில்லை, கூட்டத்தொடர் முடிந்தது. மூன்று வினைகள், செய்தவர் ஒருவரும் இல்லை. தரவு ‘இல்லை’ என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தரவு மழையைப்போல் தானாகப் பெய்வதில்லை. யாரேனும் திரட்டினால்தான் அது உண்டாகும்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, ‘அப்படியானால் எல்லாவற்றையும் பிறவினையில் சொல்லிவிட்டால் போதுமே’ என்று ஒருவர் கருதலாம். அங்கேதான் இரண்டாவது சிக்கல் தொடங்குகிறது. செய்திமொழிக்குப் பிறவினை தெரியாமலில்லை. அதை யாருக்குப் பயன்படுத்துவது என்பதில்தான் தேர்வு நடக்கிறது.

‘உழவர்கள் தாள் எரித்தார்கள்.’ இங்கே எழுவாய் தெளிவாக இருக்கிறது, வினையும் பிறவினை. அக்டோபர் பிற்பகுதியிலும் நவம்பரிலும் பஞ்சாப், ஹரியாணா வயல்களில் நெல் தாள் எரிக்கப்படுவது உண்மை. அப்புகை தில்லிக்கு வருவதும் உண்மை. ஆனால் அவர்கள் ஏன் எரிக்கிறார்கள் என்னும் வாக்கியத்துக்கு நீளம் அதிகம். நிலத்தடி நீரைக் காப்பதற்காக 2009-இல் இயற்றப்பட்ட சட்டம் நெல் நடவைப் பருவமழைக்கு அருகே தள்ளியது. நடவு தள்ளியதால் அறுவடையும் தள்ளியது. அடுத்துக் கோதுமை விதைக்கக் கிடைக்கும் இடைவெளி இரண்டு, மூன்று வாரங்களாகச் சுருங்கியது. நெல்லைக் குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கொள்முதல் செய்து அப்பயிரை அங்கே நிலைநிறுத்தியதும் அரசுதான். இத்தனை எழுவாய்களையும் விட்டுவிட்டுத் தீக்குச்சி பிடித்த கையை மட்டும் எழுவாயாக்குவது எளிது. மேலும், டிசம்பர் பிற்பகுதியில் அந்த வயல்களில் கோதுமை பச்சைப்பசேலென்று நிற்கிறது. தில்லியின் குறியீடோ 400-ஐத் தொடுகிறது. அப்போது எரித்தவர் யார் என்று கேட்டால் வாக்கியம் சட்டென்று தன்வினைக்குத் திரும்பிவிடுகிறது: காற்றின் வேகம் குறைந்தது, தரம் சரிந்தது.

இதற்கு எதிர்முனையில் அனல்மின் நிலையங்கள். 2015 டிசம்பரில் அவற்றின் கந்தக டை ஆக்சைடு வெளியீட்டுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. அவ்வாயு காற்றில் வேதிமாற்றம் அடைந்து சல்பேட் நுண்துகளாகிறது. இரண்டு ஆண்டுகளில் நிறைவேறியிருக்க வேண்டிய விதி அது. காலக்கெடு நீட்டிக்கப்பட்டது, மறுபடியும் நீட்டிக்கப்பட்டது, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவியைப் பொருத்துவதிலிருந்து விலக்களிக்கப்பட்டது. ஆவி போல் மென்மையான வாக்கியங்கள்! தாள் எரிக்கும் உழவர் ‘எரித்தார்’. நிலக்கரி எரிக்கும் நிலையத்துக்குக் காலக்கெடு ‘நீட்டிக்கப்பட்டது’. எழுவாயின் அந்தஸ்து உயர உயர வினை மெலிகிறது என்பதை ஒரு விதியாகவே எழுதிவைக்கலாம் என்று தோன்றுகிறது.

இந்த விதியின் மிகச் சிறிய எடுத்துக்காட்டு அக்காவின் குடியிருப்பு வாயிலில் இருக்கிறார். இரவுக் காவலர். ஒற்றை இலக்க வெப்பநிலையில் தகரக் கூண்டு ஒன்றில் இரவு முழுவதும் உட்கார்ந்திருப்பவர். உதிர்ந்த இலைகளையும் அட்டைப்பெட்டித் துண்டுகளையும் கொளுத்தி ஒருநாள் கை காய்ச்சினார். மறுநாள் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் அவரது படம் வந்தது. யார் எரித்தது, எத்தனை மணிக்கு எரித்தது, எவ்வளவு அபராதம் என்று பிறவினைகள் தங்குதடையின்றிப் பொழிந்தன. படம் எடுத்தவரின் வீட்டில் இரண்டு கார்கள். அவை புகை ‘விடுவதில்லை’. அவற்றிலிருந்து புகை ‘வருகிறது’.

தலைநகர் வட்டாரத்துக்கான படிநிலைச் செயல்திட்டம் என்று ஓர் ஆணை இருக்கிறது. காற்றுத் தரம் எந்த நிலைக்குச் சென்றால் எந்தெந்தத் தடைகள் என்று அது பட்டியலிடுகிறது. காவலர், துப்புரவுப் பணியாளர் ஆகியோருக்குக் குடியிருப்போர் சங்கங்களே மின்சார ஹீட்டர் வழங்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. யாரும் வெளியில் விறகு, குப்பை எரிக்க நேராமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. அரசாணைகளில் இப்படி எழுவாய் துலங்கும் வாக்கியம் அரிது. அத்தான் குழுவில் அதை எடுத்துக்காட்டி, ஹீட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டோமா என்று கேட்டார். ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வந்தது. அத்தான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா கேட்டார்: “யாரு பரிசீலிப்பாங்களாம்?”

தில்லியை மட்டும் பேசித் தப்பித்துக்கொள்ளவும் விரும்பவில்லை. 2018 போகியன்று சென்னையில் கிளம்பிய புகையால் விமானங்கள் தடுமாறியது நினைவிருக்கலாம். பழையன ‘கழிகின்றன’ என்று நாம் அழகாகச் சொல்கிறோம். டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்திக் கழித்தவர்கள் நாம்தாம். அங்கே எழுவாய் தன்மைப் பன்மை. அதை எழுதுவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். அக்கா வீட்டிலும் கார் இருக்கிறது. குழந்தையின் அறையில் காற்றுத் தூய்மிக் கருவி ஒன்று இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது. அது ஓர் அறையின் காற்றை மட்டுமே தூய்மைப்படுத்துகிறது. காவலரின் தகரக் கூண்டு அதன் எல்லைக்குள் வராது.

பொறுப்பாளரைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது என் நோக்கம் இல்லை. அன்று டம்ளருக்காக அம்மா குழந்தையை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ‘என்னோடதுதான்’ என்னும் சொல் வந்தவுடன் பேச்சு துடைப்பத்துக்குப் போய்விட்டது. அம்மாவின் கேள்வி அதற்காகத்தான் இருந்தது. ‘உடைந்தது’ என்று முடியும் கதையில் அடுத்த வினைக்கு ஆளில்லை. கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்துப் பெருமூச்சுவிடலாம், அவ்வளவுதான். ‘உடைத்தேன்’ என்பதற்குப் பிறகே ‘பெருக்குகிறேன்’ வரமுடியும். குளிர்காலத்தில் ஆண்டுதோறும் நாம் கேட்கும் செய்திகள் நம்மைப் பெருமூச்சு விடவைப்பதோடு நின்றுபோவதற்கு இலக்கணத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. சென்ற அக்டோபர் இறுதியில் தில்லியின்மேல் விமானத்தை அனுப்பி மேகங்களில் உப்புத் தூவிப் பார்த்தார்கள். ஈரப்பதம் போதாததால் மழை சொல்லும்படி பெய்யவில்லை. தரையில் இருப்பவர்களை எழுவாயாக்கத் தயங்கும்போது மேகத்தை எழுவாயாக்க வேண்டியிருக்கிறது. மேகம் எந்தச் செயல்திட்டத்துக்கும் கட்டுப்பட்டதில்லை.

மொழியியல் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊடகத் தமிழின் பிழைகளைத் திருத்துவதில் நாம் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கை இதற்குத் தரலாம். ஒரே குளிர்காலத்தின் செய்திகளை எடுத்துக்கொண்டு, உழவர், ஓட்டுநர், காவலர் ஆகியோர் எந்த வினைகளை ஏற்கிறார்கள், ஆலை, மின்நிலையம், அமைச்சகம் ஆகியவை எந்த வினைகளை ஏற்கின்றன என்று எண்ணிப்பார்க்கலாம். முதுகலை ஆய்வேடு ஒன்றுக்குப் போதுமான செய்தி அதில் கிடைக்கும். என் விதி தவறென்று அது நிறுவினால் மகிழ்ச்சியோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஹீட்டரின் கதையை முடித்துவிடுகிறேன். பரிசீலனை பொங்கல் வரையிலும் நடந்துகொண்டிருந்தது. அம்மா எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பாட்டியிடம் கை சாடையிலும் நாலைந்து இந்திச் சொற்களிலும் பேசினார். அந்த மாடியின் நான்கு வீட்டார் பணம் போட்டார்கள். அத்தான் போய் ஒரு ஹீட்டரை வாங்கிவந்தார். காவலர் அதைக் கூண்டுக்குள் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் இருக்கிறது என்பதைக் கவனிக்கலாம்.

“இதுக்குக் கரண்டு எங்கேருந்து வருதாம்?” என்று அம்மா கேட்டார். நாட்டின் மின்சாரத்தில் பாதிக்குமேல் இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது என்று அத்தான் சொன்னார். “வருதா, எடுக்குறாங்களா?” என்றாள் குழந்தை, நெபுலைசர் முகமூடியைக் கழற்றிவிட்டு.